மாலை போட்ட மூன்றாம் நாள் ராத்திரி

காவிரிக் கடைமடைப் பகுதியில், கடலுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து 38 வயதுச் சகோதரி ஒருவர் டாக்டரான எனக்கு எழுதியிருக்கிறார். பிள்ளையின் பள்ளி நோட்டிலிருந்து கிழித்த தாளில் ஏழு பக்கம். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, அவர் அனுமதியோடு சுருக்கித் தருகிறேன்.

அவருடைய கணவருக்கு 44 வயது. மூன்று மா (ஏறக்குறைய ஒரு ஏக்கர்) சொந்த நிலம், இரண்டு ஏக்கர் குத்தகை, வீட்டுக்குப் பின்னால் ஒரு தென்னந்தோப்பு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த ராத்திரி, தோப்பில் இருந்த அறுபது மரத்தில் எட்டுதான் மிஞ்சியது. அதற்கு முன்பு கல்யாணம், காதுகுத்து என்று எப்போதாவது குடித்தவர், அதற்குப் பிறகு தினமும் குடிக்கிறார். இப்போது நாளைக்கு இரண்டு குவார்ட்டர். காசு குறைந்தால் காரைக்கால் பக்கமிருந்து வரும் மலிவுச் சரக்கு. விடிந்ததும் கை நடுங்குகிறது. கொஞ்சம் உள்ளே போனால்தான் நிற்கிறது.

போன கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டு, குடியை ஒரேயடியாக நிறுத்தினார். மூன்றாம் நாள் ராத்திரி உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றியது. சுவரில் பூச்சி ஊர்கிறது என்று துடைப்பத்தால் அடித்தார். வரப்பில் ஆட்கள் நின்று கூப்பிடுகிறார்கள் என்று வாசலைத் தாண்டி ஓடினார். முனி அடித்துவிட்டது என்று வேப்பிலை அடித்தார்கள். விடிகாலையில் யாரோ மாலையைக் கழற்றிவிட்டு சாராயம் ஊற்றிக் கொடுக்க, சாயந்திரத்துக்குள் மெல்ல அடங்கினார். அன்றிலிருந்து ஊரே சொல்கிறது: "குடிச்சா ஒழுங்கா இருக்கான், வுட்டாத்தான் புத்தி பேதலிக்குது." மாமியார் இதைச் சாமி குத்தம் என்கிறார், குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் (48 நாள்) வைத்திருக்கலாம் என்கிறார். சகோதரியின் அண்ணன், ராத்திரியில் வேன் வந்து தூக்கிக்கொண்டு போகும் ஒரு மறுவாழ்வு மையத்தைப் பற்றி விசாரித்து வந்திருக்கிறார்: மூன்று மாதம், முன்பணம் கட்ட வேண்டும், யாரும் பார்க்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரர், சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் பொடி ஒன்றைச் சொல்கிறார்.

இதில் எதைச் செய்வது என்று கேட்கிறார். அவர் இருக்கும் மகளிர் குழுவில் இதே மாதிரி இன்னும் ஏழெட்டு வீடுகள் இருக்கின்றனவாம். ஊருக்கென்று ஏதாவது செய்ய வழி உண்டா என்றும் கேட்டிருக்கிறார். ஏழாம் பக்கத்தின் அடியில், நெருக்கி எழுதிய இரண்டு வரி: போன மாதம் மாட்டுக் கொட்டகையில் கணவர் பூச்சிமருந்து டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாராம். ஒன்பதாவது படிக்கும் மகன்தான் பார்த்துப் பிடுங்கினானாம். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை.

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் எழுதியதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற எல்லாவற்றுக்கும் நமக்குக் கொஞ்சம் நேரம் இருக்கிறது. இதற்கு இல்லை.

முதலில் அந்த டப்பா

இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் கொட்டகைக்குப் போங்கள். பூச்சிமருந்து, களைக்கொல்லி, எலி மருந்து எது இருந்தாலும் வீட்டை விட்டு வெளியே போக வேண்டும். ஒளித்து வைத்தால் போதாது. வீட்டில் ஒளித்து வைக்கிற இடம் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் இருக்காது. உங்கள் அண்ணன் வீட்டில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். சம்பாவுக்கு மருந்து அடிக்க வேண்டுமென்றால் அன்றைக்கு மட்டும் அளந்து வாங்கி, வேறொருவர் கையால் அடித்து முடிக்கட்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் பெரும்பாலும் அலை மாதிரி எழும்பி, கொஞ்ச நேரத்தில் தணியும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் விஷம் இல்லாமல் போனாலே பல உயிர்கள் தப்பிவிடும். இதை நான் வார்டில் நின்று பார்த்தவள். மறுநாள் காலையில் "நான் ஏன் அப்படிச் செஞ்சேன்" என்று கேட்டவர்கள் எத்தனையோ பேர். அப்படிக் கேட்க முடியாமலே போனவர்களும் உண்டு.

அடுத்து, அவரிடம் நேராகக் கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டது போல ஆகிவிடுமோ என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. "அன்னிக்குக் கொட்டகையில நின்னீங்களே, இப்பவும் அந்த மாதிரி நெனப்பு வருதா?" என்று நீங்கள் கேட்டால், இத்தனை நாள் தனியாகச் சுமந்ததை இறக்கி வைக்க அவருக்கு ஓர் இடம் கிடைக்கும். வருகிறது என்று சொன்னால் அவரைத் தனியாக விடாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். ராத்திரியாக இருந்தால் 108. பேச ஆள் வேண்டுமென்றால் 14416. டெலி மானஸ் என்ற இந்த அரசு சேவை 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது. எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அவர் பேச மறுத்தால் நீங்கள் பேசலாம்.

போலீஸ் பயத்தைப் பற்றி. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவைத்தான் ஊரில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, அப்படி முயன்றவர் கடுமையான மன உளைச்சலில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுப்பது அரசின் கடமை என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றச் சட்டத்தில் அந்த 309 இடம்பெறவே இல்லை. விஷம் குடித்து ஒருவர் சேர்க்கப்பட்டால் ஆஸ்பத்திரியிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போகும், வந்து விசாரித்து எழுதிக்கொள்வார்கள், அது உண்மை. அதற்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். உங்கள் வீட்டில் நடந்தது அதுகூட இல்லை. டாக்டரிடம் முழுவதையும் சொல்லலாம்.

அந்த மூன்றாம் நாள்

உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை நான் மூன்று தடவை படித்தேன். வேர்வை, பூச்சி, வரப்பில் நின்ற ஆட்கள், மூன்றாம் நாள். பார்த்ததைப் பார்த்தபடி எழுதியிருக்கிறீர்கள். மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்கு நான் பாடம் நடத்தினால் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

அது முனியும் இல்லை, சாமி குத்தமும் இல்லை. மருத்துவத்தில் அதற்கு டெலிரியம் ட்ரெமென்ஸ் என்று பெயர். பல வருஷம் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தும்போது வரும் ஆபத்து. சாராயம் மூளையை மந்தமாக்கும். தினமும் அப்படி அமுக்கப்படும் மூளை, அதற்கு ஈடுகொடுக்க எதிர்ப்பக்கம் முழு பலத்தோடு முட்டிக்கொண்டே இருக்கும். பாரவண்டி இழுக்கும் மாடு நுகத்தடியில் மொத்த பலத்தையும் கொடுத்துக்கொண்டிருக்கும்போது பூட்டாங்கயிறு அறுந்தால் என்ன ஆகும்? தலைகுப்புற முன்னால் பாயும். அதுதான் அன்று நடந்தது.

இதற்கு ஒரு நேரக் கணக்கு உண்டு. கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளைக்குள் நடுக்கம், வேர்வை, குமட்டல், தூக்கமின்மை வரும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் நடுவில் இந்தப் புத்தித் தடுமாற்றம் வரும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். அன்று ஊற்றிக் கொடுத்த சாராயம் அந்த எதிர்முட்டலை மறுபடியும் அமுக்கியது, அதனால் அடங்கினார். ஊர்க்காரர்கள் கண்ணால் கண்டது சரி. கண்டதற்கு அவர்கள் சொன்ன காரணம்தான் தப்பு. புத்தி கெட்டது குடியை விட்டதால் இல்லை, மருந்தில்லாமல் விட்டதால்.

இதிலிருந்து உங்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். ஒரு தடவை இப்படி வந்தவருக்கு அடுத்த தடவை நிறுத்தும்போதும் வர வாய்ப்பு அதிகம். ஆகவே "நாளையிலிருந்து தொடக்கூடாது" என்று சத்தியம் வாங்காதீர்கள். பாட்டிலைப் பிடுங்கி உடைக்காதீர்கள். இதை நான் சொல்வது உங்களுக்கு வினோதமாக இருக்கும். ஆஸ்பத்திரியில் சேர்க்கும் நாள் வரை அவர் திடீரென்று நிறுத்தாமல் இருப்பதுதான் அவர் உயிருக்குப் பாதுகாப்பு. அவர் குடிக்கும் அளவையும் பாருங்கள்: ஒரு குவார்ட்டர் 180 மில்லி, அதில் ஏறக்குறைய 60 கிராம் சுத்தமான சாராயம். இரண்டு என்றால் 120 கிராம். இந்த அளவிலிருந்து இறங்குவதை வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாது.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்? டயஸெபம், குளோர்டயாசெபாக்சைடு போன்ற மருந்து ஒன்றைக் கொடுத்து, ஐந்து முதல் ஏழு நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். மாட்டுக்குக் கயிறு அறுபடாமல், சுமையை ஒவ்வொரு மூட்டையாக இறக்குவது போல. கூடவே தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசி. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் பக்கத்தில் குடித்துச் சோர்ந்து கிடப்பவரைத் தூக்கிக்கொண்டு போய் முதலில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றச் சொல்கிறோம். வருஷக்கணக்காகச் சரியாகச் சாப்பிடாமல் குடித்தவர் உடம்பில் இந்த பி1 காலியாக இருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்கு நிரந்தரக் கெடுதல் வரலாம். எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் "இவர் தினமும் குடிக்கிறவர், தயமின் ஊசி போட்டீர்களா?" என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

குணசீலத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள். அந்தப் பெருமாள் சன்னிதியில் எத்தனையோ குடும்பங்கள் மனதைத் தேற்றிக்கொண்டு திரும்பியதை நான் அறிவேன். மாமியாரின் நம்பிக்கையோடு சண்டை போட வேண்டியதில்லை. ஆனால் முதல் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கழியட்டும், மாத்திரை கையோடு போகட்டும். ஐயப்பன் மாலையும் அப்படித்தான். குடியை விட வேண்டும் என்ற ஆசை அவருக்குள் இருக்கிறது என்பதற்கு அந்த மாலைதான் சாட்சி. அந்த ஆசை பெரிய மூலதனம். அடுத்த கார்த்திகைக்கு முன்பே சிகிச்சை முடித்துவிட்டால், பயமில்லாமல் போட்டுக்கொள்ளலாம். இன்னொன்று: கார்த்திகை பிறக்கப் போகும் நேரத்தில்தான் கஜாவும் வந்தது. ஒவ்வொரு வருஷமும் அந்த நாட்களில் அவருக்கு உள்ளுக்குள் என்ன நடக்கிறது என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

சாம்பாரில் கலக்கும் பொடி

வேண்டாம். ஒரு தடவைகூட வேண்டாம்.

பெரும்பாலும் அதில் இருப்பது டைசல்ஃபிராம் என்ற மருந்து, அல்லது என்னவென்றே தெரியாத ஏதோ ஒன்று. டைசல்ஃபிராம் நல்ல மருந்துதான். தெரிந்து, சம்மதித்து, ரத்தப் பரிசோதனை செய்து, "இதைச் சாப்பிடும்வரை ஒரு சொட்டும் தொடமாட்டேன்" என்று முடிவெடுத்தவர்களுக்கு அது உதவுகிறது. அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்துவிடும். இதயக் கோளாறு உள்ளவர் செத்தே போகலாம். தெரியாமல் சாப்பிட்டவர் அன்று சாயந்திரமும் வழக்கம்போல் இரண்டு குவார்ட்டர் அடிப்பார். அப்புறம் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒருவேளை உயிர் தப்பி, பயந்துபோய் ஒரேயடியாக நிறுத்தினாலும், அந்த மூன்றாம் நாள் ராத்திரி மறுபடி வரும்.

நீங்கள் பரிமாறுகிற சோற்றை அவர் சந்தேகப்படத் தொடங்கினால் வீட்டில் மிச்சமிருக்கும் ஒரே பிடியும் போய்விடும். இதைச் செய்துவிட்டு என்னிடம் அழுதுகொண்டு வந்த பெண்களை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. வழி தெரியாமல் செய்வதுதான். உங்களுக்கு வேறு வழி இருக்கிறது.

ராத்திரி வரும் வேன்

உங்கள் அண்ணனுக்கு உங்கள் மேல் உள்ள அக்கறை புரிகிறது. ஆனால் தூங்குகிறவரைக் கட்டித் தூக்கிப் போவதைச் சட்டம் ஒத்துக்கொள்வதில்லை. குடியால் வரும் மனநிலைக் கோளாறுகளும் மனநலச் சட்டத்தின் கீழ்தான் வருகின்றன. அப்படிப்பட்டவர்களைச் சேர்த்துச் சிகிச்சை தரும் இடம், மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். நோயாளியைச் சங்கிலியால் எந்த வடிவத்திலும் கட்டக்கூடாது என்று அந்தச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு சொல்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியோடு கட்டிக் கிடந்த 28 பேர் தீயில் கருகிச் செத்த பிறகு நம் மாநிலம் கற்ற பாடம் அது. யாரும் வந்து பார்க்க முடியாது என்று ஓர் இடம் சொன்னால், அந்த ஒரு வார்த்தைக்காகவே அந்த இடத்தை விட்டு விலகுங்கள். சேர்ந்த முதல் நான்கு நாள்தான் அவருக்கு உயிராபத்து என்று மேலே சொன்னேன். அந்த நான்கு நாளும் டாக்டர் இல்லாத பூட்டிய அறையில் கழிந்தால்?

அவர் சம்மதிக்கவே இல்லை, தன்னையே மாய்த்துக்கொள்ளும் நிலையில் இருக்கிறார் என்றால், அப்போதும் வழி உண்டு. 89-ஆம் பிரிவுப்படி அவர் சார்பில் நீங்கள் விண்ணப்பிக்கலாம். ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநலப் பணியாளரோ தனித்தனியாகப் பார்த்து, தேவை என்று சொன்னால் சேர்ப்பார்கள். முதல் கட்டமாக 30 நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. இதில் எங்கேயும் வேன் வருவதில்லை. எல்லாம் டாக்டரின் கையெழுத்தோடு, வெளிச்சத்தில் நடக்கும். என் அனுபவத்தில் இதற்கே பெரும்பாலும் தேவை வருவதில்லை. சரியாகப் பேசினால் பத்தில் ஏழெட்டுப் பேர் தாங்களே வந்து உட்காருகிறார்கள்.

எங்கே போவது, எப்படிப் பேசுவது

காலையில் பேசுங்கள். கை நடுங்கும் நேரம், போதை தலைக்கேறாத நேரம். குடியில் ஆரம்பிக்காதீர்கள், தூக்கத்தில் ஆரம்பியுங்கள். என் ஓபிக்கு வரும் ஆண்களை டீ குடிக்கும்போது பார்க்கிறேன். டம்ளரை வாய்க்குத் தூக்க முடியாமல், மேசையில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, குனிந்து வாயை டம்ளரிடம் கொண்டுபோவார்கள். யாராவது பார்க்கிறார்களா என்று பக்கத்தில் ஒரு பார்வை. அந்தப் பார்வையில் இருக்கிற வெட்கத்தை நாம் குத்திக் காட்டினால் எழுந்து போய்விடுவார்கள். "கை நடுங்குறதுக்கும் தூக்கம் வராததுக்கும் மருந்து இருக்காம், வாங்கிட்டு வருவோம், நானும் வர்றேன்" என்று சொல்லுங்கள். அது பொய் இல்லை. சிகிச்சை தொடங்குவதே அதில்தான்.

போக வேண்டிய இடம் தூரத்தில் இல்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் வட்ட மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் வந்து பார்ப்பார். உங்கள் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கிழமை என்று கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள்; அவருக்குத் தெரியாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்குத் தெரியும். உங்கள் கணவருக்கு உள்நோயாளியாகச் சேர்வதுதான் சரி. திருவாரூரிலும் தஞ்சாவூரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2025-இல் கலங்கரை என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் போதை மீட்பு மையங்களும் திறக்கப்பட்டிருக்கின்றன. 14416-இல் கேட்டால் உங்களுக்குக் கிட்டத்தில் உள்ளதைச் சொல்வார்கள். அரசு மருத்துவமனையில் இதற்குக் காசு கேட்க மாட்டார்கள். வேனுக்கு வைத்திருந்த முன்பணத்தை வீட்டுச் செலவுக்கு வையுங்கள்.

அந்தப் பத்து நாளுக்குப் பிறகுதான் உண்மையான வேலை. குடிக்கும் ஏக்கத்தைக் குறைக்கிற நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகள் உண்டு. கல்லீரல் பரிசோதனையைப் பார்த்து எது என்று டாக்டர் முடிவு செய்வார். நடுவில் ஒருநாள் மறுபடி குடித்துவிட்டால், எல்லாம் போச்சு என்று உட்கார்ந்துவிடாதீர்கள். சர்க்கரை நோயாளி கல்யாண வீட்டில் லட்டு தின்றுவிட்டால் மாத்திரையைத் தூக்கியா போடுகிறோம்? மறுநாளே கூட்டிப் போங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை ரொம்பவும் பிடித்து நிறுத்திய இடம் ஒன்று உண்டு. "அவொ கெட்ட மனுசன் இல்ல டாக்டரம்மா. புயலுக்கு அப்பறம் அவொ கையால வச்ச கன்னெல்லாம் இப்ப பாளை வுட்டுருக்கு. அதக்கூடப் போயிப் பாக்க மாட்டேங்குறாவொ." கன்று நட்டு, தண்ணீர் ஊற்றி, வண்டு அரிக்காமல் காத்து வளர்த்தவர், பாளை விட்டதும் ஓடிப்போய்ப் பார்க்காமல் இருக்கிறார் என்றால் அது குடி மட்டும் இல்லை. ஒரு காலத்தில் உயிராக இருந்த விஷயத்தில்கூட மனம் ஒட்டாமல் போவது மனச்சோர்வு நோயின் முக்கிய அடையாளம். தூக்கம் கெடுவது, சாப்பாடு இறங்காதது, சாகத் தோன்றுவது எல்லாம் அதோடு சேர்ந்தவை. குடியே மனச்சோர்வைக் கொண்டுவரும். மனச்சோர்வைத் தாங்க முடியாமலும் குடிப்பார்கள். எது முன், எது பின் என்பது குடியை நிறுத்திய சில வாரத்தில் டாக்டருக்குப் புலப்படும். ஆனால் கொட்டகையில் நின்ற கதையைச் சொன்னீர்கள் என்றால் அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டார்கள், மனச்சோர்வுக்கான மருந்தையும் சேர்த்தே தொடங்குவார்கள். அது வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும். முதல் வாரத்தில் ஒன்றும் தெரியவில்லையே என்று நிறுத்தக்கூடாது. குடிக்கு ஒரு டாக்டர், மனசுக்கு ஒரு டாக்டர் என்று பிரித்துப் போகாதீர்கள். இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

மகனும் நீங்களும்

டப்பாவைப் பிடுங்கிய அன்றிலிருந்து மகன் பள்ளிக்கூடம் போக அடம்பிடிக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். படிப்பில் நாட்டம் குறைந்ததாக நீங்கள் நினைக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தான் இல்லாத நேரத்தில் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அவன் காவல் இருக்கிறான். பதினாலு வயதில் அவ்வளவு பெரிய பாரம். அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, "நீ செஞ்சது பெரிய காரியம். இனிமே அப்பாவைப் பாத்துக்கிறது பெரியவங்க வேலை. மருந்தெல்லாம் மாமா வீட்டுல பூட்டி வச்சாச்சு" என்று சொல்லுங்கள். பூட்டி வைத்ததைக் கண்ணால் காட்டுங்கள். வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

உங்களுக்கு இரண்டு தடவை அடி விழுந்ததை, போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். குடிபோதையில் அடித்தாலும் அது அடிதான். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் அதே வீட்டில் பாதுகாப்பாக இருக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. மறுபடி கை ஓங்கினால் பெண்களுக்கான உதவி எண் 181-ஐக் கூப்பிடுங்கள். அவருக்குச் சிகிச்சை தேடுவதும் உங்களைக் காத்துக்கொள்வதும் ஒன்றுக்கொன்று எதிரானவை இல்லை. அவரை அழைத்துப்போகும் அன்று உங்களுக்கும் ஒரு சீட்டுப் போடுங்கள். ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதையும் டாக்டர் கேட்க வேண்டும்.

குழுப் பெண்கள் கேட்டது

உங்கள் குழுவில் எட்டு வீடு என்று படித்ததும் எனக்கு மஞ்சக்குடி நினைவுக்கு வந்தது. குடவாசல் பக்கத்து ஊர், உங்களுக்கு ஒன்றும் தூரமில்லை. சென்னையில் 1980-இல் தன் கணவர் டி.டி. ரங்கநாதன் நினைவாகப் போதைச் சிகிச்சை மையம் தொடங்கிய சாந்தி ரங்கநாதனும் அவருடைய குழுவினரும், அந்தப் பத்தாண்டின் கடைசியில் அந்த ஊருக்கே வந்து முகாம் போட்டார்கள். நோயாளியை நகரத்துக்குக் கூப்பிடாமல், டாக்டரும் ஆலோசகரும் கிராமத்துக்கு வந்து தங்கினார்கள். ஊர்ப் பெரியவர்கள் இடம் கொடுத்தார்கள், ஊர் ஆட்களே ஆள் சேர்த்தார்கள், மனைவிமாருக்கும் தனியாக வகுப்பு நடந்தது. முகாம் முடிந்து வீட்டுக்குப் போனவரைத் திரும்பத் திரும்ப அதே ஊரில் வந்து பார்த்தார்கள். நம் வயல்காட்டு ஊரில் நடந்த இந்த முறை மற்ற இடங்களுக்கும் முன்மாதிரி ஆனது. குடிக்கிறவரை ஊரைவிட்டுத் தூக்கிக்கொண்டு போனால்தான் திருந்துவார் என்ற எண்ணத்துக்கு நம் மண்ணிலேயே கிடைத்த பதில் அது.

இன்னொரு முயற்சி காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் நடந்தது. தற்கொலைத் தடுப்புக்காக 1986 முதல் இயங்கும் சினேகா அமைப்பைச் சேர்ந்தவர்கள், அங்கே கிராமங்களில் பூச்சிமருந்துக்கென்று ஒரு பொது அறை கட்டினார்கள். ஒவ்வொரு விவசாயிக்கும் பூட்டோடு ஒரு பெட்டி. வேலைக்குப் போகும்போது எடுப்பார், மிச்சத்தைத் திரும்ப வைப்பார். விவசாயிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள். வீட்டில் விஷம் இருப்பது குறைந்தது. உங்கள் எட்டு வீட்டுக்கும் பெரிய கட்டடம் எதுவும் வேண்டாம். குழுக் கூட்டம் நடக்கும் இடத்தில் ஒரு இரும்புப் பீரோ போதும், சாவி குழுத் தலைவியிடம். இந்த வாரமே செய்யலாம்.

அப்புறம் கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நாட்கள் உங்களுக்குத் தெரிந்ததே. மார்ச் 22, நவம்பர் 1-ம் உண்டு. வழக்கமாக டாஸ்மாக் கடையை மூடச் சொல்லித் தீர்மானம் போடுகிறோம். போடுங்கள், நான் உங்கள் பக்கம்தான். ஆனால் கடையை மூடுகிற அன்று, காலையில் கை நடுங்கும் ஆட்கள் ஊரில் எத்தனை பேர் என்று யாரும் எண்ணுவதில்லை. அவர்களில் வசதி உள்ளவர் அடுத்த ஊர்க் கடைக்குப் போவார், வசதி இல்லாதவர் என்ன கிடைக்கிறதோ அதைக் குடிப்பார், ஒன்றுமே கிடைக்காதவருக்கு மூன்றாம் நாள் ராத்திரி வரும். ஆகவே அதே தீர்மானத்தில் இரண்டாவதாக ஒன்றைச் சேருங்கள்: மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் நம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாதம் ஒரு நாள் வர வேண்டும், அங்கே தயமினும் தேவையான மாத்திரைகளும் இருப்பு இருக்க வேண்டும். எட்டுப் பெண்களும் கையெழுத்துப் போட்டு, நகலை மாவட்டச் சுகாதார அலுவலருக்கும் ஆட்சியருக்கும் அனுப்புங்கள். மனநல மருத்துவ உதவி பெறுவது உங்கள் உரிமை என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த வரியையும் மனுவில் எழுதுங்கள்.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது இரண்டுதான். டப்பாவை அண்ணன் வீட்டுக்கு அனுப்புவது, செவிலியரிடம் கிழமையைக் கேட்பது. கிழமை தெரிந்ததும் அண்ணனையும் கூடக் கூட்டிக்கொண்டு போங்கள். வேனுக்கு விசாரித்தவருக்கு இதிலும் ஒரு வேலை இருக்கட்டும். உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தையும் ஏழாம் பக்கத்தையும் நகல் எடுத்து, தனி உறையில் உங்கள் அண்ணன் விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறேன். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் வார்த்தை வராமல் போனால் அந்த இரண்டு தாளை மேசையில் வைத்துவிடுங்கள்.